இருவர் பாடிய கதை

செய்யுள் என்றவுடன் ஒரு புலவர், ஓர் ஓலை, ஓர் எழுத்தாணி என்று எண்ணிப் பழகிவிட்டது நம் மனம். பாட்டினை இருவர் சேர்ந்து ஆக்குதலும் இருவர் சேர்ந்து பாடுதலும் நம் மொழிக்குப் புதியன அல்ல. இரட்டையர் எனப்பட்ட இளஞ்சூரியர், முதுசூரியர் இருவரையும் தமிழ் மாணவர் எவரும் அறிவர். ஒருவர் கண்ணிலார், மற்றவர் காலிலார். நடப்பவர் தோளில் காண்பவர் ஏறிக்கொள்வார். ஒருவர் வெண்பாவின் முற்பாதியைத் தொடங்க, மற்றவர் பிற்பாதியால் முடிப்பார் என்பது வழிவழி வந்த செய்தி. தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவ்விருவர் பெயராலேயே நிலவுகின்றன. எந்த அடி எவருடையது என்று பிரித்துக் காட்ட இன்று ஒருவராலும் இயலாது. கொங்கு நாட்டிலோ, கொடுமுடி சுந்தராம்பாளும் செங்கோட்டைக் கிட்டப்பாவும் நாடக மேடையில் எதிரெதிர் நின்று பாடிய பாட்டினைப் பற்றி முதியோர் இன்றும் பேசக் கேட்கலாம். கிட்டப்பா 1933-ஆம் ஆண்டிலேயே மறைந்தார். ஆகவே, அதனை நேரிற் கேட்டவர் இப்பொழுது இலர். கேட்டவர் சொல்லக் கேட்டவரே உளர்.

இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுவது இவ்விரு இணையரையும் அன்று. வெள்ளகோவிலுக்கு அணித்தாயுள்ள ஓலப்பாளையத்தில் 1965-ஆம் ஆண்டு இருவர் பாடி ஒலிநாடாவிற் பதிவான அண்ணன்மார் கதையையும், அமெரிக்க நாட்டில் 1978-ஆம் ஆண்டு இரு பெரும் பாடகர் சேர்ந்து வெளியிட்ட ஓர் இசைத்தட்டையும் அருகருகே வைத்து நோக்க விரும்புகின்றோம். உடுக்கைக்கும் கித்தாருக்கும் என்ன உறவு என்று சிலர் நகைக்கக் கூடும். இரண்டிலும் பாடுவோர் இருவர். இரண்டிலும் பாடுபொருள் கட்டினை மீறியவர் வாழ்வு. இரண்டும் இராப்பொழுதும் கூட்டமுமாய் இருந்த பாட்டினைச் சுருளிலும் தட்டிலும் அடைத்து வைத்தவை. ஒப்புநோக்க இவை போதும்.

முதலில், கட்டினை மீறியவன் என்பவன் யாவன்? ஆங்கிலேயர் அவனைச் சட்டத்திற்குப் புறம்பானவன் என்பர். நம் இலக்கண நூலார் இதனை வெட்சித் திணையிலேயே கண்டுவிட்டனர். பகைவர் ஆநிரையை இரவிற் கவர்ந்து வருதல் வெட்சி. தொல்காப்பியனார் வேந்தனால் ஏவப்பட்டுச் செல்லும் வீரரையே அத்திணைக்கு உரியராக ஓதினார். வேந்தன் ஏவாமற் கவர்ந்தால் அது வெறுங் களவு, திணைக்குள் அடங்காது. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியராகிய ஐயனாரிதனாரோ, வெட்சியை மன்னுறு தொழில் என்றும் தன்னுறு தொழில் என்றும் இரண்டாக்கினார். அரசன் ஆணையாற் செய்வது முன்னது. தன் விருப்பாலேயே செய்வது பின்னது. ஏவலின்றிப் போனவனுக்கும் இலக்கியத்தில் ஓர் இருக்கை கிடைத்தது இதனாலேயே. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் வேறுபாடு இது என்று எண்ணியிருந்தோர் இதனைச் சற்றே நிறுத்திக் கருதுக. தன்னுறு தொழில் என்னும் இச்சொல்லைப் போல் இக்கட்டுரையின் பொருளுக்கு இயைந்த சொல் எமக்கு வேறு கிடைத்திலது.

இனி அண்ணன்மார் கதைக்கு வருவோம். கொங்கு நாட்டார்க்கு இதனைச் சொல்ல வேண்டுவதில்லை; வெளியூரிலிருந்து வந்து நம் விடுதியில் தங்கியுள்ள நண்பர்க்காகச் சுருக்கமாகச் சொல்லுகின்றோம். குன்னுடையாருக்கும் தாமரைக்கும் நெடுநாள் மகப்பேறின்றிப் பின்னர் தவத்தாற் பிறந்தவர் பொன்னர், சங்கர் என்னும் இருவர். அவர்க்குத் தங்கை ஒருத்தி; தங்காள் என்பர். மூத்தவன் பொன்னர் அமைதியானவன்; உழவும் அறமும் அறிந்தவன்; எவரையும் எளிதில் நம்புபவன். இளையவன் சங்கர் சினமுடையவன். வாளே அவன் சொல். அவனுடன் சாம்புவன் என்னும் துணைவன். சோழனுக்கு உட்பட்ட நாட்டிற் பிறந்து, பின் அவனோடு மாறுபட்டு நிற்கின்றனர் உடன்பிறந்தார். பங்காளிகளின் பகை ஒரு பக்கம்; தலையூர்க் காளியின் வேட்டுவர் பகை மற்றொரு பக்கம். கொம்பன் என்னும் காட்டுப் பன்றியை வேட்டையாடச் செல்லுதலும், ஒரு சிறு நாய் அப்பெரும் பன்றியை வெல்ல உதவுதலும் கேட்போர் ஆவலுடன் எதிர்நோக்கும் பகுதிகள். முடிவில் இருவரும் படுகளத்தில் தம் வாளின் மேலேயே வீழ்ந்து மாய்கின்றனர். தங்காள் வந்து தேடி அழுது, அவரைச் சிறிது பொழுது உயிர்ப்பித்துக் கண்டு, மீண்டும் இழக்கின்றாள். மணப்பாறைப் பக்கத்து வீரப்பூரில் மாசித் திருவிழாவில் இப்படுகளம் ஆண்டுதோறும் நிகழ்த்தப்படுகின்றது.

இக்கதையைப் பாடும் முறையே எம் கருத்தைப் பெரிதும் கவர்ந்தது. முன்பாடுவோர் உடுக்கையைக் கையில் ஏந்துவார். உடுக்கையின் இடை சிறுத்தது; இரு முகத்தையும் இணைக்கும் கயிற்றினை இறுக்கவும் தளர்த்தவும் நாதம் ஏறியும் இறங்கியும் ஒலிக்கும். ஏறக்குறைய ஒரு குரல் போலவே அது விம்மும். அவர் ஓர் அடியைப் பாடி இறுதிச் சொல்லை நீட்டுவார். அந்நீட்சி அடங்குமுன் பின்பாட்டுக்காரர் அதனை ஏந்திக்கொள்வார். முன்னவர் மூச்சு வாங்கும் இடைவெளி பின்னவர் குரலால் நிறைகின்றது. பாட்டு நின்றபின் வசனம் தொடங்கும். பாட்டிற் சொன்னதையே பேச்சு நடையில் விரித்துச் சொல்லுவார், பின்னவர் “ஆமாம்” என்பார், “அப்புறம்?” என்பார், “அப்படியா சேதி?” என்பார். இச்சிறு சொற்களை வெறும் நிரப்புச் சொல் என்று தள்ளிவிடலாகாது. முன்னவர் கதையை எந்த விரைவிற் கொண்டுசெல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், கூட்டம் உறங்குகின்றதா விழித்திருக்கின்றதா என்பன எல்லாம் அவ்வினாக்களாலேயே தீர்கின்றன. பின்பாட்டுக்காரர் கூட்டத்தின் வாய்; அவையில் நூறு பேர் கேட்க நினைப்பதை ஒருவர் கேட்டுவிடுகின்றார். வேதநாயக சாஸ்திரியார் காலந்தொட்டு நம் திருச்சபையில் நடந்துவந்த கதைப்பாட்டு முறைகளிலும் பின்பாட்டுக்கு இத்தகைய பணி உண்டென்பதைக் கண்டோர் அறிவர்.

மற்றொன்றும் இங்கே சொல்லத் தக்கது. கதை இருவரைப் பற்றியது, பாடுவோரும் இருவர். பொன்னரின் பொறுமையும் சங்கரின் சினமும் ஒரே குரலில் மாறி மாறி வரலாம். ஆயினும் ஒரு குரல் தொடங்க மற்றொன்று தாங்கும்போது, உடன்பிறந்தார் இருவர் ஒருவரையொருவர் தாங்கி நடப்பது செவிக்கே புலனாகின்றது. இதனை மனத்திற் கொண்டு நோக்கினால், 2011-ஆம் ஆண்டு வெளிவந்த பொன்னர் சங்கர் திரைப்படத்தில் ஒரே நடிகர் இரு வேடமும் பூண்டது வேறொரு கலை என்பது விளங்கும். படச்சுருளுக்கு அது வியப்பு. உடுக்கைப் பாட்டுக்கு அது இழப்பு.

பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் ஆராய்ச்சியாளர், ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்து மாணவராக 1964-ஆம் ஆண்டில் கொங்கு நாட்டிற்கு வந்து ஓலப்பாளையத்தில் தங்கினார். இப்பகுதியின் குடிகளையும் கோயில்களையும் ஆராய்ந்து அவர் எழுதிய ஆங்கில நூல் 1972-இல் வெளிவந்தது. அவர் அங்கே இருந்தபொழுது, 1965-இல், இராமசாமி என்பவர் முன்பாடப் பழனிசாமி என்பவர் உடன்பாட அண்ணன்மார் கதை பல இரவுகள் தொடர்ந்து நிகழ்ந்தது. அதனை அவர் ஒலிநாடாவிற் பதிந்துகொண்டார். முப்பது மணி நேரத்துக்கும் மேற்பட்ட பதிவு அது. அதற்கு முன்னும் பின்னும் அக்கதை எத்தனையோ முறை பாடப்பட்டிருக்கும். அவை யாவும் காற்றோடு போயின. இஃதொன்று நின்றது. இரு நாட்டுப்புறப் பாடகர் சேர்ந்து முழுமையாகப் பாடிய ஒரு பெருங்கதை, கடை வீதியில் விற்கும் தட்டாக அன்றி, ஓர் ஆராய்ச்சியாளரின் பெட்டியில் அடங்கிய சுருளாக உருப்பெற்றது.

அவர் அதனோடு நில்லாமல் வேறொன்றும் செய்தார். அதே இராமசாமியைக் கொண்டு கதையை எழுதுவோர்க்குச் சொல்லச் செய்து, பாடிய கதையையும் சொல்லி எழுதுவித்த கதையையும் ஒப்பிட்டார். 1982-இல் வெளிவந்த ‘மூன்று இரட்டையர்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூலில் அவ்வாராய்ச்சி உள்ளது. ஒரே வாய், ஒரே கதை. எனினும் இரண்டும் ஒன்றல்ல. எழுதுகோல் முன் இருக்கும்பொழுது மனிதன் அடங்கிப் பேசுகின்றான். அவையின் முன் நிற்கும்பொழுது விரிந்து பாடுகின்றான். நம் ஏட்டிலக்கியம் முழுவதையும் பற்றி இஃது ஒரு வினாவை எழுப்புகின்றது. பாணர் பாடிய பாட்டு ஓலையில் ஏறிய அன்று எவை எவை உதிர்ந்தன? உடன்பாடியவன் குரல் ஓலையில் ஏறியிருக்குமா? புறநானூற்றின் அடியிற் பாடினோர் பெயர் உண்டு, பாடப்பட்டோர் பெயர் உண்டு. பின்பாட்டுப் பாடினோர் பெயர் எங்கும் இல்லை.

இனிக் கடல் கடந்து செல்வோம். அமெரிக்காவின் தென்பகுதி மலைநாட்டிலும் சமவெளியிலும் குடியேறிய ஸ்காத்லாந்தியரும் அயர்லாந்தியரும் கொண்டுவந்த கதைப்பாட்டுகளும், நீக்ரோ மக்களின் பாட்டுகளும், ஆலயக் கீதங்களும் கலந்து எழுந்ததே கன்ட்ரி எனப்படும் நாட்டுப்புற இசை. டென்னசி மாகாணத்து நாஷ்வில் நகரம் அதன் தலைநகராயிற்று. தலைநகர் என்று ஒன்று அமைந்தவுடன் அரசும் ஆணையும் வந்துவிடுமன்றோ? எப்பாட்டைப் பாடுவது, எந்த வாத்தியக்காரரை வைத்துக்கொள்வது, எந்த ஒலிப்பதிவு நிலையத்திற் பாடுவது என்பனவற்றை எல்லாம் இசைத்தட்டுக் குழுமத்தார் அமர்த்திய தயாரிப்பாளரே முடிவு செய்தனர். வயலின்களும் கூட்டுக்குரல்களும் சேர்த்து மெருகேற்றுவதே அக்காலத்து நாஷ்வில் முறை.

டெக்சாஸ் மாகாணத்தில் பிறந்த இருவர் இவ்வாணைக்கு அடங்கிலர். ஒருவர் 1933-இல் பிறந்த வில்லி நெல்சன். மற்றவர் 1937-இல் பிறந்த வேலன் ஜென்னிங்ஸ். வேலனின் இளமையிலேயே ஒரு துயரம் நேர்ந்தது. 1959-ஆம் ஆண்டு பிப்ரவரியில் படி ஹாலி என்னும் பாடகரின் குழுவில் அவர் வாசித்து வந்தார். சிறு விமானத்தில் தமக்கிருந்த இடத்தை நோயுற்ற வேறொரு பாடகருக்கு விட்டுக்கொடுத்தார். விமானம் வீழ்ந்து அதிலிருந்தோர் அனைவரும் மாண்டனர். பின்னர் அவர் ஆர்.சி.ஏ. குழுமத்திற் பல தட்டுகள் பாடினார். 1972-இல் குழுமத்தாரோடு புதிய ஒப்பந்தம் பேசித் தம் பாட்டைத் தாமே தெரிந்தெடுக்கும் உரிமையைப் பெற்றார். வில்லியோ நாஷ்விலை விட்டு டெக்சாசுக்கே திரும்பினார். 1975-இல் அவர் வெளியிட்ட தட்டு ஒன்று முழுக் கதையாக அமைந்தது: மனைவியைக் கொன்றுவிட்டுக் குதிரை மேல் அலையும் ஒரு போதகனின் கதை. கித்தாரும் பியானோவும் இன்னும் சிலவும் தவிர வாத்தியம் அதிகம் இல்லை. இஃது இன்னும் முடிவுறாத வரைவு போலுள்ளதே என்று குழுமத்தார் ஐயுற்றனர். மக்கள் அதனை ஏற்றுக்கொண்டனர். கொலைக்கதை நடக்கும் அத்தட்டினிடையே, நம் ஆலயங்களிலும் பாடப்படும் பழைய மனந்திரும்புதற் கீதம் ஒன்றின் இராகம் சொல்லின்றி வாத்தியத்தில் மட்டும் ஒலிக்கின்றது. குற்றவாளியின் கதையில் அக்கீதத்தை எங்கே வைக்க வேண்டும் என்று அறிந்த கை அது என்பது எம் துணிபு.

1976-இல் ஆர்.சி.ஏ. குழுமத்தார் வேலன், வில்லி, வேலனின் மனைவி ஜெசி கோல்ட்டர், டாம்பால் கிளேசர் ஆகிய நால்வர் பாட்டுகளை ஒன்று திரட்டி, குற்றவாளியைத் தேடும் காவலர் விளம்பரம் போன்ற அட்டையில் அடைத்து விற்றனர். பத்து இலட்சம் விற்றதற்குரிய பிளாட்டினச் சான்று பெற்ற முதற் கன்ட்ரி இசைத்தட்டு அதுவே. இங்கே ஒரு வேடிக்கை. கட்டினை மீறியவர் என்னும் பெயரை அவர்க்குச் சூட்டி விலை கூறியவரும், எவருடைய கட்டினை அவர் மீறினாரோ அக்குழுமத்தாரே. ஐயனாரிதனார் சொற்படி பார்த்தால், தன்னுறு தொழில் மீண்டும் மன்னுறு தொழிலாகிவிட்டது!

1978-ஆம் ஆண்டு சனவரியில் இருவர் பெயரையும் தலைப்பாகத் தாங்கி வந்தது நாம் கருதும் தட்டு. பதினொரு பாட்டுகள். சிலவற்றை இருவரும் சேர்ந்து பாடினர். சிலவற்றைத் தனித்தனியே பாடினர். அவற்றுள் புகழ்பெற்றது, தாய்மாரை நோக்கி உங்கள் பிள்ளைகளை மாடு மேய்க்கும் வீரராக வளர்க்காதீர்கள் என்று அறிவுறுத்தும் பாட்டு. அதனை இயற்றியவர் எட் புரூசும் அவர் மனைவி பாட்சியும். அவ்வாண்டு கன்ட்ரிப் பாட்டு வரிசையில் அது முதலிடம் பெற்றது. மறு ஆண்டு கிராமி விருதும் பெற்றது. காங்கேயம் காளைகளை வளர்த்துப் பழகிய நம் பக்கத்து மாட்டுக்காரர் இதனைக் கேட்டால் சினங்கொள்வரோ நகைப்பரோ அறியோம். பாட்டின் சுவையே, அறிவுரை சொல்லும் இருவரும் அறிவுரையைக் கேளாதவர் என்பதில் உள்ளது. அலைந்து திரிந்த வாழ்வின் தனிமையை அறிந்தவர் வாயினின்று வருவதால் எள்ளலும் இரக்கமும் பிரிக்க இயலாதபடி கலந்துவிடுகின்றன.

குரலை நோக்குவோம். வேலன் குரல் தடித்தது, தாழ்ந்தது; தாளத்தின் மேல் அழுந்தி நிற்பது. வில்லியின் குரல் மெலிந்தது, சற்றே மூக்கொலி கலந்தது. தாளத்திற்குச் சிறிது பிந்தியும் சிலபொழுது முந்தியும் பேசுவது போலச் செல்வது. இருவர் சேரும்போது ஒருவர் தூண், ஒருவர் கொடி. ஆயினும் உடுக்கைப் பாட்டினின்றும் இது வேறுபடும் இடம் ஒன்றுண்டு. இங்கே இருவரும் சமமானவர். அட்டையில் இருவர் படமும் பெயரும் உள்ளன. அண்ணன்மார் பாட்டில் ஒருவர் தலைவர், மற்றவர் துணைவர். பொருந்தச் சொன்னால், இவர் பொன்னரும் சங்கரும். அவர் சங்கரும் சாம்புவனும்.

இவ்வொப்புமையின் பயன் இங்கேயே வெளிப்படுகின்றது. அமெரிக்கத் தட்டின் இரண்டாம் குரலை எவரும் மறக்க இயலாது. அவர் பெயருக்கே விலை உண்டு. நம் நாட்டில் கதை அச்சேறும்பொழுதெல்லாம் முதலில் மறைபவர் பின்பாட்டுக்காரரே. கவிஞர் சக்திக்கனல் 1971-இல் அண்ணன்மார் சுவாமி கதையைப் பதிப்பித்துத் தமிழர்க்குப் பெருந்தொண்டு செய்தார், மு. கருணாநிதி அதனைப் புதினமாக்கினார். எழுத்தாகவே வந்த இவற்றில் பின்பாட்டுக்கு இடமிருக்க வழியில்லை. அது நூலாசிரியர் குற்றமன்று. ஆனால் 1965-ஆம் ஆண்டுச் சுருளில் பழனிசாமியின் குரல் இருக்கின்றது. 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் தமிழும் ஆங்கிலமுமாக இரு பகுதிகளில் வெளியிட்ட நூலுக்கு அடிப்படை அப்பாட்டே. அதனைக் கற்க விரும்பும் மாணவர், ஒருவர் எழுதிய காப்பியத்தைக் கற்பது போலக் கற்றலாகாது; எவ்வடி முன்னவர் எடுப்பு, எவ்வடி பின்னவர் ஏந்தல் என்று கேட்டுக் கேட்டுக் கற்க வேண்டும்.

கட்டினை மீறியவன் யாவன் என்னும் முதல் வினா இன்னும் எஞ்சி நிற்கின்றது. சோழன் பக்கத்திலிருந்து பார்ப்போர்க்கு அண்ணன்மார் அடங்காதவர். அண்ணன்மார் பக்கத்திலிருந்து பார்ப்போர்க்குத் தலையூர்க் காளியும் அவன் வேட்டுவரும் அடங்காதவர். வேட்டுவர் பக்கத்திலிருந்து பார்ப்போர்க்கோ, காட்டை வெட்டிக் கழனியாக்க வந்தவரே வரம்பு மீறியவர். உழவர் நின்ற இடத்தில் நின்றே கதை பாடப்படுகின்றது. அதனை ஒளிக்க வேண்டுவதில்லை. கொங்கு நாட்டில் உழவர் குடியும் வேட்டுவர் குடியும் ஒரே ஊர்ச் சந்தையில் ஒருங்கே வாழ்கின்றன. இக்கதையை ஒரு குடியின் பெருமைக்கும் மற்றொரு குடியின் சிறுமைக்கும் கருவியாக்குவோர் இருப்பின், அவர் பாட்டை முழுதுங் கேளாதவர் என்றே சொல்லுவோம். படுகளத்தில் தங்காள் அழும்போது வென்றவர் எவரும் அங்கில்லை. முன்பாடுவோர் குரல் அவ்விடத்தில் அடங்கும்; உடுக்கை மெல்லத் தேயும்; பின்பாட்டுக்காரரும் வினா எழுப்பாமல் இருப்பார்.

வேலன் ஜென்னிங்ஸ் 1978-ஆம் ஆண்டிலேயே தமக்குச் சூட்டப்பட்ட பட்டப்பெயர் அளவு கடந்து போய்விட்டதென்று தாமே எள்ளி ஒரு பாட்டுப் பாடினார். 2002-இல் அவர் மறைந்தார். இருவர் பாட்டும் தட்டில் உள்ளது. எவரும் எப்பொழுதும் கேட்கலாம். உடுக்கைப் பாட்டின் நிலை அவ்வாறன்று. விடுமுறைக்குக் காங்கேயம், முத்தூர், வெள்ளகோவில், தாராபுரம் பக்கங்களுக்குச் செல்லும் நம் மாணவர், அங்கே எக்கோயிலிலேனும் அண்ணன்மார் கதை நிகழுமாயின் ஓரிரவு அமர்ந்து கேட்பார்களாக. இப்பொழுது எல்லார் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி உள்ளது. பாடுவோரிடம் இசைவு பெற்றுப் பதிவு செய்க. பதிவின் தொடக்கத்தில் ஊர், நாள், கோயில் ஆகியவற்றைச் சொல்லி, முன்பாடுவோர் பெயரைக் கேட்டுக் குறித்த பின், உடன்பாடுவோர் பக்கம் திரும்பி அவர் பெயரையும் அவர் எவரிடம் கற்றார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்க.